பொங்கலுக்கு முதல் நாள் வரவில்லை. பொங்கல் சம்பளத்தையும் பிடிக்கலாமா?

கேள்வி: முப்பது பேர் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறேன். பொங்கலுக்கு முதல் நாளும் மறுநாளும் வராதவர்களுக்குப் பொங்கல் நாள் சம்பளமும் கிடையாது என்று எங்கள் கன்சல்டன்ட் எழுதிக்கொடுத்தார், பிடித்துவிட்டேன். சரிதானா?

பதில்: சரியில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வராத இரண்டு நாளுக்குச் சம்பளம் பிடியுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. நடுவிலுள்ள பொங்கல் உங்கள் விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைகளுக்காக மேலும் ஐந்தும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. முன்னும் பின்னும் வந்தால்தான் உண்டு என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. 'சாண்ட்விச் விதி' என்று பெயர் வைத்துவிட்டால் அது சட்டமாகிவிடாது.

இந்த கன்சல்டன்ட்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் லீவு விதிகளை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, மாதக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். இன்னும் மோசமானவர்கள், 'விடுமுறைச் சம்பளம் கேட்கமாட்டேன்' என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு கட்டுத் தாளைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். எந்த ஒப்பந்தம் இருந்தாலும் சம்பளம் தரவேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. அந்தத் தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம்.

விடுமுறையன்று வேலை வாங்கினால் கணக்கு எளிது. நாள் கூலி 700 ரூபாய் என்றால் 1,400 கொடுங்கள். அல்லது 700 கொடுத்து, வேறொரு நாள் சம்பளத்துடன் விடுப்பு கொடுங்கள். எது வேண்டும் என்று தொழிலாளியையே கேளுங்கள். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து நாள் கூலி பார்ப்பவர், பிடிக்கும்போது மட்டும் வேறு எண்ணால் வகுக்கக் கூடாது.

வாக்குப்பதிவு நாளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குரிமை உள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை; தினக்கூலிக்காரருக்கும் உண்டு. ஒரே விலக்கு, அவர் வராவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ நேரும் என்ற வேலை. அணைக்க முடியாத உலையைப் பார்த்துக்கொள்பவர் இதில் வருவார். 'ஆர்டர் தாமதமாகும்' என்பதைப் பெரும் நஷ்டம் என்று சாதிப்பது கடினம். பில் போடுபவர், பார்சல் கட்டுபவர் இந்த விலக்கில் வரவே மாட்டார்கள். உலைக்காரருக்கும் ஷிப்டை மாற்றிப் போட்டால் வாக்களித்துவிட்டு வரலாமே! மீறினால் அபராதம் 500 ரூபாய் வரை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் எழுதி வைத்தார்கள். அந்தத் தொகையைச் சொன்னால் சிரிக்கிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். சட்டம் போடுபவர்களுக்கே அக்கறை இவ்வளவுதான் என்றால் யாரைக் குறைசொல்வது?

உங்கள் வருகைப் பதிவேட்டில் பொங்கல் நாளுக்கு நேரே, ஆப்சென்ட் என்பதற்குச் சிவப்பு மையில் 'ஆ' போட்டிருப்பீர்கள். அதை ஒயிட்னர் தடவி அழிக்காதீர்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஒரு கோடு போட்டு அடித்து, 'பண்டிகை விடுமுறை, சம்பளம் உண்டு' என்று எழுதித் தேதியுடன் கையெழுத்திடுங்கள். பிடித்த தொகையை அடுத்த சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.