பேன்கேக் ரப்பர் மாதிரி வருகிறதா?

கேள்வி: மகள் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. லீவுக்கு வந்திருக்கும் பேரனும் பேத்தியும் காலையில் எழுந்ததும் ‘ஆயா, பேன்கேக் செஞ்சு தாங்க’ என்கிறார்கள். மைதா, பால், முட்டை, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் சேர்த்து, கட்டியில்லாமல் நன்றாக அடித்து, இரும்புத் தோசைக்கல்லில் ஊற்றுகிறேன். மேலே கருகுகிறது, உள்ளே மாவாக நிற்கிறது, வெந்த இடம் ரப்பர் மாதிரி இழுக்கிறது. நான் ஊற்றும் வெள்ளைப் பணியாரத்தைக் குறை சொன்னவர் கிடையாது. இது மட்டும் ஏன் வரவில்லை? செவ்வாய், வெள்ளியில் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, அதற்கும் ஒரு வழி வேண்டும்.
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, ‘நன்றாக அடித்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். உங்கள் கைக்குத் திறமை குறைவில்லை. அரிசி மாவில் பழகிய கை மைதாவிலும் அதே வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தை வைத்து, இரண்டையும் ஊறப்போட்டு வெண்ணெய் போல ஆட்டுகிறீர்கள். உளுந்து மாவு காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் அடிக்க அடிக்கப் பணியாரம் மெத்தென்று வரும். மைதா அப்படியில்லை. அதிலுள்ள புரதங்கள் ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் ஆகின்றன, கலக்கக் கலக்க அது வலுக்கிறது. பரோட்டா மாவை அவ்வளவு நேரம் பிசைவது அந்த இழுவை வேண்டும் என்றுதான். பேன்கேக்குக்கு அந்த இழுவை வரவே கூடாது. அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது என்பதால் இத்தனை வருடம் உங்களுக்கு இந்தச் சங்கடம் வரவில்லை.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கப் மைதா (125 கிராம்), 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, இவற்றை முதலில் காய்ந்த மாவாகவே கலந்துகொள்ளுங்கள். இந்த நிலையில் எவ்வளவு கலந்தாலும் தவறில்லை. வேறொரு கிண்ணத்தில் ஒரு முட்டை, முக்கால் கப் பால், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இதை மாவின் நடுவே ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டுங்கள். காய்ந்த மாவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கும், அப்படியே விடுங்கள். பத்து நிமிடம் மூடி வைத்தால் அவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வேகும்போது கரைந்துவிடும். கட்டியோடு ஊற்ற உங்களுக்கு மனசு வராது, தெரியும். ஆனாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

தோசை மாவு மாதிரி இதை முதல் நாள் இரவே கரைத்து வைக்க வேண்டாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வாயுவை விட ஆரம்பித்துவிடும், காலையில் மாவு சோர்ந்து கிடக்கும். டப்பாவைத் திறந்து நாளாகியிருந்தால் ஒரு ஸ்பூன் எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைக்காவிட்டால் புது டப்பா வாங்குங்கள்.

முட்டை சேர்க்காத நாளில் பாலுக்குப் பதில் ஒரு கப் கெட்டி மோர். பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா சேருங்கள். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து மாவை எழுப்பும். என்னைக் கேட்டால் முட்டை போட்டதைவிட இதுவே மிருது, எல்லா நாளும் இதையே செய்யலாம். கோதுமை மாவில் வேண்டுமென்றால் மைதாவோடு பாதிக்குப் பாதி, பால் கொஞ்சம் கூடுதலாக.

அடுத்தது சூடு. தோசையை மெல்லிசாக இழுக்கிறோம், அதனால் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பேன்கேக் தடிமன், அதோடு மாவிலேயே சர்க்கரை இருக்கிறது. தோசைச் சூட்டில் ஊற்றினால் உள்ளே வேகும் முன்பே வெளியே கருகத்தான் செய்யும். இரும்புக் கல் சூட்டைச் சட்டென்று விடாது. ஆகவே ஆரம்பத்திலிருந்தே சிறு தீயில் ஐந்து நிமிடம் காயவையுங்கள். முதலில் ஒரு ஸ்பூன் மாவை மட்டும் ஊற்றிப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் அடி பொன்னிறமானால் சூடு சரி. வெங்காயம் தேய்த்துப் பழகிய கல் என்றால் அந்த வாசனை இதில் ஏறிவிடும், வேறு கல் எடுங்கள். வெண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தாற்போல் தடவினால் போதும். ஒரு குழிக்கரண்டி மாவை ஊற்றி, இழுக்காமல் விடுங்கள். மேலே குமிழ்கள் உடைந்து, துளைகள் மூடாமல் நின்று, ஓரம் காய்ந்ததும் திருப்புங்கள். ஒரே ஒரு முறைதான். திருப்பிய பிறகு தோசைத் திருப்பியால் அழுத்தினீர்களானால் உள்ளே இருக்கிற வாயுவெல்லாம் போய் தட்டையாகிவிடும். ஹாட்பாக்ஸில் அடுக்கவும் வேண்டாம், வியர்த்துப் பிசுபிசுத்துப் போகும்.

அங்கே இதற்கு மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிடுவார்கள். மேப்பிள் மரத்திலிருந்து வடியும் நீரைக் காய்ச்சியே அதைச் செய்கிறார்கள். ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் நீர் காய வேண்டும். பதநீரைக் காய்ச்சி எடுக்கிற கருப்பட்டி உங்கள் வீட்டில் இருக்கும்போது அந்தப் பாட்டிலைத் தேடி அலைய வேண்டாம். 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். விரலில் லேசாக ஒட்டும்போதே இறக்குங்கள், கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் இறுகிவிடும். ஒரு சிட்டிகை சுக்குப் பொடி சேர்த்தால் எனக்கு இன்னும் பிடிக்கும்.

காலையில் பேன்கேக் கேட்கிற பிள்ளைகள் சாயங்காலம் வெள்ளைப் பணியாரத்தை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வரமிளகாய்த் துவையலை மட்டும் அவர்களுக்குக் காரம் குறைத்து அரையுங்கள். பேத்தியும் கூட மாட வேலை செய்வேன் என்று வந்து நின்றால், எண்ணெய்ச் சட்டிப் பக்கம் விடாமல் பணியார மாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுங்கள். அதை அவள் ஆசை தீரும் வரை கலக்கலாம்.