வருங்காலக் கணித ஆசிரியர்களுக்கு மெய்நிகர் உலகத்தில் பயிற்சி கொடுத்தால் உண்மையில் பலன் இருக்குமா?

இருக்கும். கணித ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஒன்றுதான். ஒரே குழந்தையின் ஒரே குழப்பத்தை இங்கே இரண்டாம் முறையும் சந்திக்கலாம்.

0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்கிறோம். ஒரு குழந்தை 0.35 என்கிறது, நாலை விட முப்பத்தைந்து பெரியது இல்லையா! இந்தப் பிழை எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அடுத்த குழந்தை 0.4 என்று சரியாகச் சொல்கிறது. புது ஆசிரியர் ‘சரி’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் அந்தக் குழந்தை, பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, அதனால் புள்ளிக்கு அப்புறம் இலக்கம் குறைந்தால் எண் பெரியது என்று நினைத்திருக்கலாம். 0.4, 0.73 என்று கொடுத்துப் பாருங்கள், அப்போதும் 0.4 என்றே சொல்லும். அந்த இரண்டாவது கேள்வி சட்டென்று தோன்ற வேண்டும். அது பாடப்புத்தகம் படித்து வருவதில்லை, பழகித்தான் வரும்.

மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவான டீச்லைவ் போன்ற ஏற்பாடுகளில், திரையில் தெரியும் அவதார் மாணவர்களுக்கு, அதாவது கணினி வரைந்த மாணவ உருவங்களுக்கு, பின்னாலிருந்து ஒரு மனிதர் பேசுகிறார். இன்ன குழப்பத்தை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் முன்பே சொல்லி வைக்கலாம். பயிற்சி பெறும் ஆசிரியர் தடுமாறினால் நிறுத்தி, பேசி, அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த நுண்ணிலைக் கற்பித்தலின் (சிலருக்கு மட்டும் சில நிமிடம் பாடம் நடத்தி, குறைகளைப் பேசி, மறுபடி நடத்திப் பழகுவது) வழியும் இதுதான். ஆனால் பல இடங்களில் அதில் குழந்தையாக நடிப்பது சக பயிற்சி மாணவர். விடை தெரிந்தவர் எவ்வளவு நேரம் குழம்பியே இருப்பார்?

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாவிட்டால் இதுவும் வீண். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு கணிதம் பற்றியது அல்ல, வகுப்பை ஒழுங்குபடுத்துவது பற்றியது. அதிலும் அவதார் மாணவர்களோடு செய்த இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே 5 நிமிடம் பயிற்சியாளரோடு பேசியவர்கள், தாமாகவே யோசித்துப் பார்த்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

குறையும் உண்டு. நோட்டில் பாதி அழித்துவிட்டு எழுதிய கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள அவதாரிடம் பழக முடியாது, அதற்கு நிஜக் குழந்தையின் நோட்டு வேண்டும். தலையில் மாட்டும் கருவிக்கு ஒதுக்கும் பணத்தை, அவதாருக்குக் குரல் கொடுப்பவருக்குக் குழந்தைகளின் கணிதப் பிழைகளைச் சொல்லிக்கொடுக்கச் செலவிடுங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்லி வருகிறேன்.