பார்வையாளர் கருத்துக்கணிப்பு: கூகுள் ஃபார்ம்ஸ் போதுமா?

கேள்வி: எங்கள் சிறிய அருங்காட்சியகத்துக்குத் தினமும் 200 பேர் வரை வருகிறார்கள். கட்டடத்துக்குள் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கருத்துக் கேட்க வேண்டும். செலவுக்குப் பெரிதாகப் பணம் இல்லை. கூகுள் ஃபார்ம்ஸ் போதுமா?

பதில்: உங்கள் நிலைமைக்கு அது ஒத்துவராது. இணையம் இல்லாவிட்டால் பதிலை அனுப்ப முடியாது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய தொல்லை மொழி. ஒரே படிவத்தில் மொழியை மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. தமிழுக்கு ஒரு பகுதி, ஆங்கிலத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்தால், ஒரே கேள்விக்கான பதில்கள் ஷீட்டில் இரண்டு இடங்களில் போய் விழும். கடைசியில் உட்கார்ந்து அவற்றைச் சேர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

கோபோடூல்பாக்ஸ் என்ற கருத்துக்கணிப்புத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கோபோகலெக்ட் செயலியைப் போட்டு, படிவத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே பகல் முழுவதும் கேட்கலாம். மாலையில் வைஃபை கிடைக்கும் இடத்தில் அனுப்பினால் போதும். படிவத்தை எக்செல்லில் எழுதி ஏற்றலாம். கேள்விகளுக்கு ஒரு ஷீட், விடைத் தெரிவுகளுக்கு இன்னொரு ஷீட். இரண்டிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி நெடுவரிசை. பார்வையாளர் எந்த மொழியில் படித்தாலும் பதில் ஒரே குறியீடாகப் பதிவாகும். மொழியின் பெயரை மட்டும் இரண்டு ஷீட்டிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி எழுதுங்கள். கொஞ்சம் மாறினாலும் அதை வேறொரு மொழியாக எடுத்துக்கொள்ளும். கேள்வி திரையில் வரும், தெரிவுகள் வராது.

லைம்சர்வேயும் நல்ல மென்பொருள்தான். ஆனால் சொந்த சர்வரில் வைத்துக்கொண்டால் பராமரிக்க ஆள் வேண்டும். உங்களுக்கு அது வீண்சுமை.

வாசலில் க்யூஆர் கோடு ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மிகவும் பிடித்துப்போனவரும் கோபத்தோடு போகிறவரும்தான் அதை ஸ்கேன் செய்வார்கள். ஊழியர் ஒருவர் வெளியேறும் வழியில் நின்று, ஒவ்வொரு 10ஆவது ஆளையும் கேட்கட்டும். குடும்பமாக வந்தால் அப்பாதான் முந்திக்கொண்டு பேசுவார். அதனால் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரைக் கேளுங்கள். முதல் கேள்வியே 'பதில் சொல்லச் சம்மதமா?' என்று இருக்கட்டும். மறுத்தவர் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

385 பதில்கள் இருந்தால் 95% நம்பகத்தன்மையில் (அதாவது இப்படி 100 முறை கேட்டால் சுமார் 95 முறை) பிழை சுமார் 5 சதவீதப் புள்ளிக்குள் நிற்கும். மறுப்பவர்களையும் கணக்கில் வைத்தால் உங்களுக்கு ஒரு மாதம் போல ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடாதீர்கள்.

தொடங்கிய, முடிந்த நேரங்களைத் தானாகப் பதியும் வசதியைப் படிவத்தில் சேருங்கள். 12 கேள்விக்கு 40 வினாடியில் பதில் வந்திருந்தால், யாரையும் கேட்காமல் ஊழியரே தட்டியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

முடிவுகளை எக்செல் கோப்பாகவே இறக்குங்கள். சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பை நேராக எக்செல்லில் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியக்கூடும். டேட்டா மெனு வழியாக, தமிழையும் கையாளும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்து திறந்தால் சரியாகிவிடும்.

பெயரும் செல்பேசி எண்ணும் கேட்காதீர்கள். கேட்டால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவீர்கள்; அதில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வாங்க வேண்டியிருக்கும். மாவட்டமும் வயதுப் பிரிவும் போதும்.