தைராய்டு தமனிகள்: வாசகர் கேள்வி-பதில்

தைராய்டுக்கு எத்தனை தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன? (கீழக்கரை)

பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. மேல் தமனி, கழுத்தில் ஏறும் பெரிய தமனியான கரோட்டிடின் வெளிப் பிரிவிலிருந்து வரும் கிளை. கீழ்த் தமனி, சப்கிளேவியனிலிருந்து (காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் தமனி) பிரியும் ஒரு குட்டைக் கிளையில் கிளம்பி மேலே ஏறுகிறது. 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு நெஞ்சிலிருந்து ஐந்தாவதாக ஒன்றும் மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஏறிவரும்.

கழுத்தில் துடிக்கிறது. தைராய்டு தமனியில் அடைப்பா? (தொண்டி)

வயது எழுதவில்லை, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு இல்லை, வீக்கம் உண்டா என்றும் இல்லை. இதை வைத்து நான் என்ன சொல்வது? கைக்குத் தெரியும் துடிப்பு பெரும்பாலும் கரோட்டிட்; அது எல்லோருக்கும் துடிக்கும். கைநடுக்கம், உடல் மெலிவு, கழுத்து வீக்கம் சேர்ந்திருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கழுத்தை யாரும் நீவிவிட வேண்டாம்.

பாம்பனில் மீன் ஏலம் விடுகிறேன். தைராய்டு ஆபரேஷனில் குரல் போய்விடுமா?

அடியோடு போவது அபூர்வம். ஆனால் மேல் தமனியை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் பேச்சு வரும், குரல் உச்சத்துக்கு ஏறாது. அதனால்தான் அந்தத் தமனியைச் சுரப்பிக்கு நெருக்கமாகக் கட்டுகிறோம். உங்கள் தொழிலை சர்ஜனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்குக் காலையில் ஆபரேஷன் முடிந்தால், சாயங்காலமே தங்கச்சிமடம் கூட்டிவரலாமா? (ஊரில் ஒருவரை அப்படித்தான் கூட்டிவந்தார்கள்.)

கூடவே கூடாது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. மேல் தமனியில் ரத்தம் நல்ல அழுத்தத்தோடு வரும். கட்டிய முடிச்சு நழுவ ஓர் இருமலோ வாந்தியோ போதும். வெட்டிய தமனியின் முனை மேலே உள்வாங்கிக்கொள்ளும். கழுத்துக்குள் இடம் கொஞ்சம்தான். தேங்கும் ரத்தம் இறுக்க, குரல்வளை வீங்கி மூச்சு அடைக்கும். முதல் 6 மணி நேரம் அதிக ஆபத்து, 24 மணி நேரம் வரை கவனம் தேவை. கழுத்தில் வைத்த வடிகுழாயில் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ரத்தம் உறைந்து குழாய் அடைத்திருக்கலாம். கட்டு இறுக்குகிறது என்றாலோ, குரல் மாறினாலோ, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றிவிடுவார்கள். பாம்பன் பாலத்தில், காருக்குள் யார் பிரிப்பார்கள்? நன்றாகப் பேசுகிறார் என்பதெல்லாம் கணக்கில்லை. அன்று ராத்திரி அங்கேயே தங்கட்டும்.

ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போகிறது. (வாலிநோக்கம்)

கால்சியம் இறங்கியிருக்கும். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், தைராய்டுக்குப் பின்னால் உள்ள குட்டிச் சுரப்பிகளான பாராதைராய்டுகளுக்குப் பெரும்பாலும் கீழ்த் தமனிதான் ரத்தம் தருகிறது. அதன் கிளைகள் தடைபட்டால் அவை சில வாரம் சோர்ந்துவிடும். கையை நீவிக்கொண்டு உட்காராமல் இன்றே ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். விரல்கள் இழுத்துக்கொண்டால் ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.