ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் வேகம் எங்கிருந்து வந்தது?

பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்கினாலே ஒரு சுற்று முடியும் சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினிலிருந்து ஜப்பானியர்கள் அவ்வளவு வேகத்தை எப்படி எடுத்தார்கள் என்பது கேள்வி. விதை ஜப்பானில் விழவில்லை. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் விழுந்தது. அங்கே பொறியாளர் வால்டர் காடன், புகைபோக்கிக் குழாயை நடுவில் வயிறுபோல் விரியச்செய்து முனையில் குறுக்கினார். விரியும் பகுதி சிலிண்டரிலிருந்து எரிந்த வாயுவை உறிஞ்சி இழுக்கும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவிய புது எரிபொருள்-காற்றுக் கலவையை, வாயு வெளியேறும் துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். வால்வும் இல்லை, அதைத் திறந்து மூடும் கேமும் இல்லை. வெறும் தகரக் குழாய் செய்யும் வேலை இது!

1961-இல் எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பி, அந்த நுட்பத்துடன் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை அந்நிறுவனத்துக்கு வென்று தந்தார். 1964-இல் பந்தய வீரர் பில் ரீட் யமஹாவுக்கு 250 சிசி பட்டத்தைப் பெற்றுத்தந்தார். 1975-இல் இத்தாலிய வீரர் அகோஸ்தினி யமஹாவில் 500 சிசி பட்டம் வென்றபோது, ஃபோர்-ஸ்ட்ரோக்கின் கடைசிக் கோட்டையும் சரிந்தது.

குழாயில் திரும்பும் அலையின் கணக்கு எஞ்சினின் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் ஒத்துவரும் என்பதால், குறைந்த சுழற்சியில் மந்தமாக இருக்கும் வண்டி ஒரு கட்டத்தில் திடீரெனச் சீறும். நம் ஊரில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் வந்த யமஹா ஆர்.டி. 350-ஐ ஓட்டியவர்கள் அந்தச் சீற்றத்தை மறந்திருக்க மாட்டார்கள். என் கணிப்பில், அந்த வண்டியின் மீதான மோகத்தில் பாதி அதனால் வந்ததுதான்.