புதன்கிழமைக்கு எத்தனை நாற்காலி? கலப்பு வேலைமுறை அலுவலகங்கள் பற்றிய கேள்வி பதில்

வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் வேலை செய்யும் முறை சிங்கப்பூரில் நிலைத்துவிட்டது. அதற்கேற்ப அலுவலகத்தை எப்படி அமைப்பது என்று வந்த கேள்விகளுக்கு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே அலுவலக உள்வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் நிறுவனத்தில் 80 பேர். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. நாளொன்றுக்குச் சராசரியாக 48 பேர் என்று கணக்கிட்டு 50 மேசைகள் போட்டோம். புதன்கிழமைகளில் சிலர் பேன்ட்ரியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். இன்னும் மேசை வாங்குவதா? (அலுவலக மேலாளர், பாய லேபார்)

பதில்: உங்கள் கணக்கு சரிதான், ஆனால் 48 பேர் வருகிற நாள் என்று ஒன்று உங்கள் அலுவலகத்தில் அநேகமாக இருக்காது. திங்களும் வெள்ளியும் வீட்டில் இருக்கவே பலரும் விரும்புவதால், நடுவில் உள்ள மூன்று நாளும் நெரிசலாகி, வெள்ளிக்கிழமை பாதி விளக்கை அணைத்துவிடலாம் என்ற நிலை வருகிறது. கல்யாண வீட்டில் நாள் முழுவதும் வருகிறவர்களின் சராசரியைப் பார்த்து யாரும் இலை போடுவதில்லை. முகூர்த்தம் முடிந்ததும் உட்காரும் பந்தியைப் பார்த்துத்தான் போடுகிறார்கள்.

அதற்காக 70 மேசை வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். ஆறு வாரத்துக்குக் காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருவரை நடந்துபோய் எண்ணச் சொல்லுங்கள். நுழைவு அட்டைப் பதிவைப் பார்த்தால் யார் வந்தார் என்பது தெரியும், எதற்கு வந்தார் என்பது தெரியாது. புதன்கிழமை வருகிறவர்களில் கணிசமானோர் தங்கள் குழுவோடு பேசவே வருகிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது இரண்டு கணினித் திரை வைத்த மேசை அல்ல, பத்துப் பேர் சுற்றி உட்காரும் நீள மேசையும் பக்கத்தில் ஓர் எழுதுபலகையும்தான். இருக்கிற மேசைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு அப்படி இரண்டு போட்டால், அதே பரப்பில் கூடுதலானோர் அமரலாம். அதன் பிறகும் நெரிந்தால் குழுக்களின் நாளை மாற்றுங்கள். அது மேலாளர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. வடிவமைப்பாளரிடம் அதற்கு மருந்து இல்லை.

கேள்வி: யாருக்கும் சொந்த மேசை இல்லாத ‘ஹாட் டெஸ்க்’ முறை கொவிட்டுக்குப் பிறகு வந்த புதுமையா? (மென்பொருள் பொறியாளர், செங்காங்)

பதில்: இல்லை. 1990களின் நடுப்பகுதியிலேயே லாஸ் ஏஞ்சலிசில் ஷயட் டே என்ற விளம்பர நிறுவனம், ஊழியர்களின் மேசைகளை எடுத்துவிட்டு, காலையில் மடிக்கணினியையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு விரும்பிய இடத்தில் உட்காரும் முறையைக் கொண்டுவந்தது. கோப்புகளை வைக்க இடமில்லாமல் சிலர் தங்கள் காரின் பின்பகுதியையே அலமாரியாக்கிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. இன்று கோப்புகள் கணினிக்குள் போய்விட்டன, ஆனால் காலணி, குடை, தேநீர்க் கோப்பை, குளிருக்கு ஒரு மேலாடை எல்லாம் எங்கும் போய்விடவில்லை. மேசையைப் பறித்தால் ஆளுக்கொரு லாக்கரைக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: அலுவலகத்துக்கு வந்தும் பாதி நேரம் காணொளிக் கூட்டத்தில்தான் போகிறது. நான்கு பக்கமும் நான்கு பேர் நான்கு கூட்டத்தில் பேசுகிறார்கள். மேசைகளுக்கிடையே தடுப்பு வைத்தால் சத்தம் குறையுமா? (கணக்காளர், ஷென்டன் வே)

பதில்: உட்கார்ந்தவரின் தலை உயரத்துக்குக்கூட வராத தடுப்பு கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு அல்ல. ஒலி தடுப்புக்கு மேலே போய், கெட்டியான கூரையில் பட்டுத் திரும்பிவிடும். காசு இருந்தால் முதலில் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகளையும், அடுத்து தரையில் கம்பளத்தையும் போடுங்கள். நம்மைத் தொல்லைப்படுத்துவது வெறும் இரைச்சல் அல்ல, பாதி புரிகிற பேச்சு. ஆகவே பேசும் இடத்தையும் பேசாத இடத்தையும் தளத்தின் இரு முனைகளில் வைப்பதைவிடச் சிறந்த மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு ஒருவர் மட்டும் நுழையும் ‘போன் பூத்’ வேண்டும். பதினைந்து பேருக்கு ஒன்று என்று தொடங்குவது என் வழக்கம். இதில் இரண்டு எச்சரிக்கை. மூடிய கூண்டில் மின்விசிறி சரியாக இல்லையென்றால், நடுக் கூட்டத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். பிறகு கூண்டு எதற்கு? அடுத்து, கூரையுள்ள கூண்டோ கூரைவரை எழுப்பும் சுவரோ தீயணைப்புத் தெளிப்பான், புகை உணர்கருவி, குளிரூட்டிக் காற்று வரும் வாய் ஆகிய மூன்றையும் பாதிக்கக்கூடும். கட்டட நிர்வாகத்தையும் தகுதிபெற்ற நிபுணரையும் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதிகள் வாடகைதாரர் செய்யும் மாற்றங்களுக்கும் பொருந்தும். ராபின்சன் சாலையில் ஓர் அலுவலகத்தில் பெரிய அறையை மூன்றாகப் பிரித்தபோது, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி நடு அறையில் மாட்டிக்கொண்டதை நானே கவனிக்கத் தவறினேன். நடு அறை ஆளில்லாமல் சில்லென்று கிடக்க, மற்ற இரண்டிலும் வியர்த்தார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கூட்டத்தில் சேர்கிறவர்களுக்கு எங்கள் கூட்ட அறை கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கிறதாம். விலையுயர்ந்த கேமரா வாங்கியும் பயனில்லை. (மனிதவள அதிகாரி, ஊபி)

பதில்: உங்கள் அறை அநேகமாக மூன்று பக்கம் கண்ணாடியும் பளபளப்பான மேசையுமாக இருக்கும். அதில் எதிரொலிதான் மிஞ்சும். ஒரு சுவருக்காவது துணி போர்த்திய ஒலிப்பலகையைப் பொருத்துங்கள். ஒலிவாங்கி பேசுகிறவருக்கு அருகில் இருக்கட்டும். நீள மேசையின் ஒரு முனையில் திரை இருந்தால் முதல் இரண்டு பேரின் முகம் பெரிதாகவும் கடைசியில் இருப்பவர் புள்ளியாகவும் தெரிவார். திரைப்பக்கம் அகன்று மறுமுனையில் குறுகும் மேசை, கண் மட்டத்தில் கேமரா, ஆட்களின் முதுகுக்குப் பின்னால் சன்னல் வராத இருக்கை அமைப்பு என்று மூன்றையும் சரிசெய்தால், இருக்கிற கேமராவே போதும். பதினான்கு பேர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதை மூன்று சிறிய அறைகளாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது சிறிய நிறுவனம். மூன்று ஆண்டுக் குத்தகை. இவ்வளவும் செய்து, காலி செய்யும்போது எல்லாம் வீண்தானே? (நிறுவன உரிமையாளர், ஜூரோங் ஈஸ்ட்)

பதில்: நல்ல கேள்வி. இங்கே பெரும்பாலான குத்தகை ஒப்பந்தங்களில், காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கட்டும்போது ஒரு செலவு, இடிக்கும்போது இன்னொரு செலவு. அதனால் குறுகிய குத்தகைக்காரர்களுக்கு நான் சொல்வது: சுவருக்குப் போடும் பணத்தை நகர்த்தக்கூடிய பொருளில் போடுங்கள். சக்கரம் வைத்த எழுதுபலகை, கழற்றி மாட்டும் கூண்டு, உயரமான அலமாரியையே தடுப்பாக வைப்பது ஆகியவை அடுத்த முகவரிக்கும் உங்களோடு வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, முந்தைய வாடகைதாரர் விட்டுச்செல்லும் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றும் உரிமையாளரிடம் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: எங்கள் பிரிவில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார். அவரும் செயலியில் இருக்கையைப் பதிவு செய்துதான் வரவேண்டும் என்கிறார்கள். (தெம்பனிஸ்)

பதில்: கூடாது. அவருக்கு ஏற்ற உயரத்தில் அமைத்த மேசை அவருடையதாகவே இருக்கட்டும். முதுகுவலியால் தனி நாற்காலி வைத்திருப்பவருக்கும் இதே நியாயம்தான். பொதுவிதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் நியாயம் ஆகிவிடாது.

கேள்வி: அலுவலகத்துக்கு இவ்வளவு செலவழித்தோம், எல்லாரும் தினமும் வாருங்கள் என்கிறார் முதலாளி. வீட்டிலிருந்து வேலை செய்யச் சட்ட உரிமை உண்டா? (ஈசூன்)

பதில்: உரிமை இல்லை, கேட்பதற்கு முறை உண்டு. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் பற்றி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல்கள் 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். நியாயமான தொழில் காரணம் இருந்தால் மறுக்கலாம். உங்கள் முதலாளியிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வருகிற எல்லாருக்கும் இருக்கை இருக்கிறதா என்று முதலில் எண்ணிவிட்டு அழைக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் காலியாக இருப்பது, போர்க்கால அவசரத்துக்கென்று கட்டிய வீட்டுப் பாதுகாப்பறை மட்டும்தான். அதையே வேலை அறையாக்கலாமா? (பொங்கோல்)

பதில்: கெட்டியான கான்கிரீட் சுவருக்குள் வைஃபை தடுமாறும், கதவை மூடினால் மூச்சு முட்டும், கதவைக் கழற்றவோ சுவரை உடைக்கவோ அனுமதி இல்லை. அரிசி மூட்டையையும் சூட்கேசையும் அங்கேயே விட்டுவிட்டு, வரவேற்பறையில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிற மூலையில் ஒரு சிறு மேசை போட்டுக்கொள்ளுங்கள்.