ரூம் போட்டது யாரிடம்? கேள்வி பதில்

ஊர்சுற்றி: ஹோட்டல் பெயரைத் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசித்தான் ரூம் போட்டேன். தேதி மாற்றக் கேட்டால், "நீங்கள் எங்களிடம் போடவில்லை" என்கிறது ஹோட்டல். எப்படி?

பதில்: முதலில் வந்தது விளம்பரம். எடுத்துப் பேசியது தரகரின் கால்சென்டர். விளம்பரத் தலைப்பிலும் இணைய முகவரியின் முன்பாதியிலும் ஹோட்டல் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். முகவரியில் டாட் காமுக்கு ஒட்டி முன்னால் நிற்கிற பெயர்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஹோட்டலிடமே நேரடியாகப் பேசுகிறோம் என்று வாடிக்கையாளர்களை நம்பவைத்ததாகவும், கார்டில் உடனே பணம் எடுப்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் ரிசர்வேஷன் கவுண்டர் என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2017-இல் குற்றம் சாட்டியது. அது சமரசத்தில் முடிந்தது.

"இது ஹோட்டலா?" என்று கேட்டால் "ஆமாம், ரிசர்வேஷன்ஸ்" என்று மழுப்பிவிடுவார்கள். "என் கார்டு ஸ்டேட்மெண்டில் யார் பெயர் வரும்?" என்று கேளுங்கள். வருகிற பெயர் யாருடையதோ, உங்கள் காசு அவர்களிடம். மாற்றம், கேன்சல், ரீஃபண்ட் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

இரவுரயில்: கையில் புக்கிங் எண், மெயில் எல்லாம் இருந்தும் ரிசப்ஷனில் "உங்கள் பெயரே இல்லை" என்றார்கள். மோசடியா?

பதில்: பெரும்பாலும் இல்லை, சங்கிலி அறுந்திருக்கும். நீங்கள் பார்க்கிற புக்கிங் தளம் பல நேரம் மொத்த வியாபாரியிடமிருந்து ரூமை எடுக்கிறது. அங்கிருந்து, பல தளங்களை ஹோட்டலோடு இணைக்கிற சேனல் மேனேஜர் என்ற மென்பொருள் வழியாக ஹோட்டலின் கணினிக்குத் தகவல் போகிறது. ஒவ்வொரு படியிலும் வேறு எண். உங்கள் மெயிலில் இருப்பது தளத்தின் எண், ஹோட்டலுக்கு அது வெற்று எண். நடுவில் ஒரு படி நின்றுபோனால் தளத்தில் "உறுதி" என்றிருக்கும், ஹோட்டலில் ஒன்றும் இருக்காது. ரூம் வகை தப்பாக இணைக்கப்பட்டு, இரண்டு தனிக் கட்டில் கேட்டவருக்கு ஒற்றைப் பெரிய கட்டில் கிடைப்பதும் இதே வழியில்தான். குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறி ஏறியிருந்தாலும் தேடலில் சிக்காது. இரண்டையும் மாற்றிச் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

புக் செய்து இரண்டு நாள் கழித்து, ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி, ஹோட்டலின் உறுதி எண்ணை வாங்குங்கள். கட்டில், காலை உணவு, பணம் யார் கட்டுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கவுண்டரில் மாட்டிக்கொண்டால், தளத்தை போனில் பிடித்து ரிசப்ஷன்காரரிடம் நேரே கொடுங்கள். அப்படியும் நடக்கவில்லையா? "இந்தப் பெயரில் புக்கிங் இல்லை" என்று ஹோட்டலிடம் எழுதி வாங்கியபிறகே வேறு ரூமுக்குக் காசு கொடுங்கள். கார்டில் போன காசைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் செய்யும்போது உங்களுக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.

மூட்டைமுடிச்சு: ரீஃபண்ட் இல்லாத ரூமை ரத்து செய்ய வேண்டும். ஹோட்டல் மேனேஜர் பரவாயில்லை என்கிறார், தளம் முடியாது என்கிறது.

பதில்: ஆப்பில் கேன்சல் பொத்தானைத் தொடாதீர்கள். தொட்டதும் அபராதம் பதிவாகிவிடும், பிறகு பேச்சுக்கு இடமில்லை. அபராதம் வேண்டாம் என்று மேனேஜரிடம் பெயர், தேதியோடு மெயில் வாங்கி, அதைத் தளத்துக்கு அனுப்பி, அவர்களையே ஹோட்டலுக்கு போன் போடச் சொல்லுங்கள்.

திண்ணை: தேடலில் முதலில் வந்த எண்ணுக்குப் பேசி...

பதில்: ஊர்சுற்றிக்குச் சொன்னதேதான்.

கணக்கர்: எல்லாப் பழியும் தரகருக்கா? இருப்பதைவிட அதிகம் ரூம் விற்பது ஹோட்டல்தானே? விதியைப் படிக்காமல் பொத்தானை அமுக்கும் சோம்பேறிக்குப் பழி இல்லையா?

பதில்: ஓவர்புக்கிங் ஹோட்டலின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூம் பற்றாதபோது வெளியே அனுப்பப்படுவது பெரும்பாலும் தரகர் வழி வந்தவர்தான். அவருக்காக ஹோட்டல் கமிஷன் கொடுக்கிறது, பல இடங்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ.

கணக்கர்: அப்போது ஹோட்டல்தானே ஓரவஞ்சனை செய்கிறது! விலை ஒப்பிட தளம் இல்லாவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

பதில்: ஒப்பிடுங்கள், யார் தடுத்தார்? ஒப்பீடே நேர்மையா என்பதுதான் கேள்வி. ஹோட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ட்ரிவாகோ தளத்தின் வழக்கைப் பாருங்கள். மேலே நின்ற விலை பல நேரம் மலிவானதே அல்ல, ஒரு கிளிக்குக்கு அதிகம் கொடுத்த தளத்தின் விலை. அடித்துக் காட்டிய "பழைய" விலையும் பல நேரம் அதே ஹோட்டலின் உயர்ரக ரூமுக்கு உரியது. இது மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. 2022-இல் அபராதம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டனில் 2019-இல் எக்ஸ்பீடியா, புக்கிங் டாட் காம், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்கள், "ஒரே ஒரு ரூம்தான் பாக்கி" வகை அவசரமூட்டலையும் கட்டணம் மறைத்தலையும் திருத்துவதாக அங்குள்ள போட்டி ஆணையத்திடம் உறுதி கொடுத்தன. படிக்காமல் அமுக்குகிறவர் சோம்பேறி என்கிறீர்கள். படிக்க நேரம் விடாமல் பக்கத்தில் கடிகாரம் ஓடவிட்டவர் யார்?

கணக்கர்: சரி, அந்தக் கடிகாரம் எனக்கும் எரிச்சல்தான். ஆனாலும் நேரடி விலை எப்போதும் குறைவு என்று சொல்லாதீர்கள்.

பதில்: சொல்லவே இல்லையே. தளத்தில் குறைவாக இருந்தால் அந்த விலையைக் காட்டி ஹோட்டலிடம் கேளுங்கள், சில ஹோட்டல்கள் இறங்கிவரும். வராவிட்டால், கேன்சல் செய்ய மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த பயணத்துக்கு மட்டும் தளத்தில் போடுங்கள்.

மழைக்கால்: ஆப்பின் உள்ளேயே "12 மணி நேரத்தில் கார்டைச் சரிபார்க்காவிட்டால் ரத்து" என்று செய்தி. என் தேதி, பெயர் எல்லாம் சரியாக இருக்கிறது.

பதில்: சரியாக இருப்பதுதான் பொறி. தளத்தில் ஹோட்டல் வைத்திருக்கும் கணக்கின் பாஸ்வேர்டை மோசடிக்காரர்கள் திருடி, அதிலிருந்தே அனுப்புவார்கள். இணைப்பைத் தொடாதீர்கள், ஹோட்டலுக்குப் பேசுங்கள். எண்ணை எங்கே எடுப்பது என்று இன்னொரு முறை சொல்லவைக்காதீர்கள்.

தொப்பி: "18-ஆம் தேதி வரை இலவச ரத்து" என்றால் எந்த ஊர் நேரம்?

பதில்: பொதுவாக ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம். ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

பனிமலை: வங்கியில் புகார் செய்ய எவ்வளவு அவகாசம்?

பதில்: விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலும் 120 நாள். வங்கி அதற்கு முன்பே கேட்கலாம், தள்ளிப்போடாதீர்கள். புக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரத்து விதி, ஹோட்டல் எழுதிக் கொடுத்த தாள் மூன்றையும் இணையுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள், "காசு கொடுத்த சேவை கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள்.

வெயில்: ஹோட்டல் எண் என்று தேடினேன், முதலில் வந்தது...

பதில்: விளம்பரம்.